ஐஸில் வைத்த கூத்தாடி

சண்டை மீன்களை இப்போது கடைகளில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் வைத்து விற்கிறார்கள். அங்கே போனால் நான் மீனைப் பார்ப்பதில்லை. மூலையில் இருக்கும் குளிர்பெட்டியைத்தான் பார்ப்பேன். உறைய வைத்த புழு, சதுரம் சதுரமாக, மாத்திரை அட்டை மாதிரி தகட்டில் அடைத்து வருகிறது. சென்ற மாதம் கடைக்காரர் அதை எனக்குப் பொறுமையாக விளக்கினார். "ஐஸோட போடாதீங்கம்மா. கரைய வெச்சிப் போடுங்க." தலையாட்டிக்கொண்டேன். இதை எங்கள் வீட்டில் அறுபதுகளிலேயே, செஞ்சியில், யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்தோம் என்றும், அதனால் ஒரு பெண்ணின் படிப்பே போகப் பார்த்தது என்றும் அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். நீங்கள் என் வயதுக்காரர்கள். ஃபிரிட்ஜ் என்ற ஒன்றை முதன்முதலில் எந்த ஊரில், யார் வீட்டில் பார்த்தோம் என்பது நம்மில் ஒருவருக்கும் மறந்திருக்காது.

முதலில் ஆண்டைச் சொல்லிவிடுகிறேன். மொழிப் போராட்டத்தில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததும் எங்கள் வீட்டுக்கு மீன் வந்ததும் ஒரே தை மாதம் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பிறகு ஆறாம் வகுப்பு மார்க் அட்டை கிடைத்தது. அதோடு ஒப்பிட்டால் ஓராண்டு இடிக்கிறது. ஆகவே என் குறிப்பேட்டில் 1965 என்று மையிலும் பக்கத்தில் 66 என்று பென்சிலிலும் எழுதி வைத்திருக்கிறேன். மாதங்களில் தடுமாற்றம் இல்லை. தையில் மீன் வந்தது. மாசிக் கடைசியில் குட்டைகள் வற்றின. வைகாசியில் சீட்டு அகப்பட்டது.

மீனைக் கொண்டுவந்தவர் மெட்ராஸில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி. பொங்கலுக்கு வந்தபோது ஒரு அகலவாய் பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன். நீலம் என்று சொன்னால் போதாது. நாவல்பழத்தைப் பிதுக்கினால் தோலின் உட்புறம் ஒரு நிறம் தெரியுமே, அது. வாலும் துடுப்பும் உடம்பைவிடப் பெரியவை, நனைந்த பட்டு போலத் தொங்கும். கண்ணாடியை எதிரே காட்டினால் கழுத்தை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும். நாங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "அவன்" என்றே சொன்னோம். இந்த "அவன்" பின்னால் எவ்வளவு வினையானது என்று பார்ப்பீர்கள்.

"நாங்கள்" என்றால் நானும் அத்தையும். அத்தை நைனாவின், அதாவது என் அப்பாவின், கடைசித் தங்கை. பத்தொன்பது வயது, எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். சிங்கவரத்தில் நிலம் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பாதான் குடும்பத்துக்கு மூத்தவர். அவருக்கு இதில் அரைமனசு. "இடம் கெடைச்சா பாக்கலாம்" என்று சொல்லி வைத்திருந்தார். மேல்மலையனூர்ப் பக்கத்தில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டு வரனையும் கையில் வைத்திருந்தார்.

அவன் சோறு தின்னமாட்டான். பொரி, இட்லித் துணுக்கு, எறும்பு முட்டை எதையும் தொடமாட்டான். கூத்தாடி போட்டால் மட்டும் பாய்ந்து வருவான். எங்கள் பக்கத்தில் கொசுப்புழுவுக்குக் கூத்தாடி என்று பெயர். தண்ணீரில் தலைகீழாகத் தொங்கி, வளைந்து நெளிந்து ஆடுவதால் வந்த பெயர். அம்மா மெட்ராஸ்காரி. அவளுக்கு அது கொசுப்புழு. கூத்தாடி என்றால் அவள் அறிந்தது முகத்தில் அரிதாரம் பூசி ஆடுகிறவனை மட்டும்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை. மாமியார் வீட்டில் கொசுப்புழுவைப் பற்றிப் பேச யாருக்கு நேரம்?

அம்மாவுக்குப் புழு என்றாலே குமட்டும். "வூட்டுக்குள்ள ஒரு புழு வந்துச்சு, மீனைக் கெணத்துல கொட்டிடுவேன், சொல்லிட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் நாங்கள் அவளுக்குத் தெரியாமல்தான் பிடித்தோம். கோட்டை அகழியில் தேங்கிய தண்ணீர், ராஜகிரி அடிவாரப் பாறைக் குழிகள், உடைகல் பள்ளங்கள் என்று பழைய வேட்டித் துணியை வளையத்தில் தைத்துக்கொண்டு சுற்றினோம். அவன் பொரி தின்று வாழ்வதாக அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாசிக் கடைசியில் குழிகள் காய ஆரம்பித்தன. அப்போதுதான் நைனா அந்த யோசனையைச் சொன்னார்.

நைனா மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். அங்கே மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. அடியில் விளக்கு எரியும், மேலே ஐஸ் உறையும். அடியில் தீயும் மேலே குளிரும் ஒரே பெட்டிக்குள் எப்படி என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நைனா விளக்கிய ஒவ்வொரு முறையும் எனக்குப் புரிந்தது, வீட்டுக்கு வந்ததும் மறந்தது. கோழிகளுக்கான வெள்ளைக்கழிச்சல் மருந்து அதன் ஐஸ் அறையில் இருக்கும். மீதி இடம் காலி. "கூத்தாடி இருக்கறப்பவே புடிச்சிக் குடுங்க. ஐஸ்ல வெச்சிடலாம். கோடைக்கு ஆவும்" என்றார். உடனே குரலைத் தாழ்த்தினார். "ஆனா இது கவர்மெண்டு பொட்டி. மருந்து பக்கத்துல புழு வெச்சேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும். வெளியில மூச்சு வுடக்கூடாது."

காலியான பென்சிலின் பாட்டில்களைக் கழுவி, ஒவ்வொன்றிலும் முக்கால் அளவு தண்ணீரும் ஒரு நாளைக்கான கூத்தாடிகளும் விட்டு ரப்பர் மூடி போட்டோம். முழுக்க ஊற்றினால் உறையும்போது வெடிக்கும் என்பது முதல் இரண்டு பாட்டில்கள் வெடித்த பிறகு தெரிந்தது. மருந்து என்று யாரும் எடுத்துவிடாமல் இருக்க, பிளாஸ்திரித் துண்டில் அத்தை தன் அழகான கையெழுத்தில் "கூத்தாடி" என்று எழுதி ஒட்டினாள்.

மதியம் நைனாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோவது என் வேலை. திரும்பி வரும்போது காலிக் கேரியரின் அடித்தட்டில், ஈரப் பஞ்சில் சுற்றிய ஒரு பாட்டில் இருக்கும். அம்மாவுக்கு மட்டும் அது தெரிந்திருந்தால் மீனோடு எங்களையும் கிணற்றில் கொட்டியிருப்பாள். வழியெல்லாம் வெயிலில் பாறை கொதிக்க, கேரியருக்குள் மட்டும் ஒரு சில்லென்ற ரகசியம் குலுங்கிக்கொண்டு வரும்.

முதல் நாள் அத்தை ஐஸை அப்படியே மீன் பாட்டிலில் தட்டிவிட்டாள். அவன் பக்கவாட்டில் சாய்ந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். செத்துவிட்டான் என்றே அழுதேன். சாயங்காலம் எழுந்துவிட்டான். அதன் பிறகு ஐஸை ஒரு கிண்ணத் தண்ணீரில் கரையவிட்டு, அந்தக் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டி, புழுக்களை மட்டும் எடுத்துப் போட்டோம். அப்போதும் தின்னவில்லை. செத்த கூத்தாடி ஆடாது அல்லவா? கறுப்புக் கமா போல வளைந்து மெல்ல இறங்கும். அவன் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். மூன்றாம் நாள் அத்தை துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, நுனியில் ஒரு புழுவை ஒட்டி, அவன் மூக்கருகே நடுக்கி நடுக்கி ஆட்டினாள். லபக்கென்று பிடித்தான். "செத்ததையும் ஆட வெச்சாத்தான் தொரை சாப்டுவாரு" என்று சிரித்தாள். நாலைந்துக்கு மேல் போடமாட்டாள். மிஞ்சியதை உடனே எடுத்துவிடுவாள். இல்லாவிட்டால் மறுநாளே தண்ணீர் நாறும்.

பங்குனி, சித்திரை இப்படியே போயின. வைகாசியில் பயிற்சிப் பள்ளியிலிருந்து கார்டு வந்தது. அத்தைக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனியில் போய்ச் சேரவேண்டும். பெரியப்பா கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "சரி, போவட்டும்" என்றார். அத்தை இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தாள்.

அதே சமயம் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் தொடங்கியிருந்தது. கூத்துக் கட்டுகிறவர்கள் வந்து சத்திரத்தில் தங்கியிருந்தார்கள். பகலில் அவர்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். காது மடலில் பச்சையும் கழுத்து மடிப்பில் சிவப்பும் ஒட்டியிருக்க, பீடி பிடித்துக்கொண்டு துணி துவைப்பார்கள்.

மாட்டாஸ்பத்திரிக்குப் பெரிய அதிகாரி சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்ததும் அந்த வாரத்தில்தான். நைனா பயந்துவிட்டார். "அவரு வந்துட்டுப் போற வரைக்கும் எதுவும் கேக்காதே" என்று என்னை வெறுங் கேரியரோடு அனுப்பினார். இரண்டு நாள் ஆயிற்று. அவன் பாட்டிலின் அடியில் வாலை மடக்கிக்கொண்டு கிடந்தான். வீட்டில் அம்மா காதுபடப் பேச முடியாது. அத்தை ஒரு சீட்டு எழுதிக் கேரியரின் கைப்பிடிக்கு அடியில் செருகினாள்.

ரசம் ஒழுகியதால் கேரியரைத் துடைக்க எடுத்த அம்மாவின் கையில் அது அகப்பட்டது. சீட்டு இன்று இல்லை. ஆனால் அதில் இருந்ததை எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்:

"இரண்டு நாளாகப் பட்டினி. எப்படியாவது இன்று மதியம் கூத்தாடியை அனுப்பவும். ஒன்று போதும். அண்ணிக்குத் தெரியவேண்டாம்."

யாருக்கு என்று இல்லை, யார் எழுதியது என்றும் இல்லை. கையெழுத்து மட்டும் போதுமானதாக இருந்தது.

நான் பார்ப்பதற்குள் அம்மா சீட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு கேரியரை என்னிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து வீட்டில் காற்றே மாறிவிட்டது. அத்தை தலைக்கு ஊற்றிக்கொண்டால் அம்மா காரணம் கேட்டாள். அத்தை வெள்ளிக்கிழமை விரதம் இருப்பது வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை வாரிவிடும்போது சீப்பை நிறுத்தி, "உங்க அத்தை உன்கிட்ட ஏதாச்சும் குடுத்து யார்கிட்டயாச்சும் குடுக்கச் சொன்னாளா?" என்றாள். "இல்லியே" என்றேன். மாட்டிக்கொண்டது பஞ்சில் சுற்றிய பாட்டில் என்று நினைத்துக்கொண்டதால் என் குரல் நடுங்கியது. அம்மா அந்த நடுக்கத்தையும் தன் சந்தேகத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

சீட்டுக்குப் பதில் வராததால் நைனா கைவிட்டுவிட்டார் என்று அத்தை நினைத்தாள். ஊரில் அப்போது தண்ணீர் தேங்கி நின்றது ஒரே இடத்தில்தான். சத்திரத்துக்குப் பின்னால், கூத்தாடுகிறவர்கள் குளித்துத் துவைத்த தண்ணீர் ஓடித் தேங்கிய பள்ளம். இருவரும் ஒரு டம்ளரோடு அங்கே போய்க் குந்தினோம். நல்ல வெளிச்சமான காலை நேரம். சோப்பு நுரை மிதந்த அந்தத் தண்ணீரில் ஒரு கூத்தாடியும் இல்லை. திரும்பும்போது, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா தெருமுனையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சீட்டைத் தடுக்காமல் இருந்திருந்தால் நாங்கள் அங்கே போயிருக்கவே மாட்டோம். இதைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் சிங்கவரத்திலிருந்து பெரியப்பா சைக்கிளில் வந்தார். அம்மா ஆள் அனுப்பியிருந்தாள். தண்ணீர் குடித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு அம்மா கொடுத்த சீட்டை அத்தையின் முன்னால் நீட்டினார்.

"இது யாரு எழுத்து?"

"என்னுதுதான் பெரிண்ணா."

"கூத்தாடி யாரு?"

அத்தை சிரித்துவிட்டாள். அந்த இடத்தில் அவள் சிரித்திருக்கக்கூடாது.

"இன்னா சிரிப்பு? பொட்டப்புள்ள சீட்டு எழுதிட்டு இன்னா சிரிப்புன்றேன்!"

"யாருன்னு கேட்டா சிரிக்காம இன்னா பண்றது பெரிண்ணா? அது ஆளு இல்ல, புழு. மீனுக்குப் போடறது."

"புழுவா? எந்தக் குட்டையில? அடிக்கிற வெயில்ல ஏரியே வெடிச்சிக் கெடக்குது, எனக்கே கூத்தாடி காட்டறியா நீ?"

அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "புழுவுக்குத்தான் அண்ணிக்குத் தெரிய வேணாம்னு எழுதுவாங்களா? சத்திரத்துப் பின்னால போனதும் புழுவுக்குத்தானா?"

"ஆமா அண்ணி. நீங்கதானே கெணத்துல கொட்டுவேன்னீங்க."

"சரி" என்றார் பெரியப்பா. "எங்க இருக்குது அந்தப் புழு? காட்டு. நம்பறேன்."

அத்தை நைனாவைப் பார்த்தாள். நைனா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் திங்கட்கிழமை, அதிகாரி வரும் நாள். அவர் நிமிரவில்லை.

"கேக்கறேன் இல்ல? எங்க இருக்குது?"

"ஐஸ்ல" என்றாள் அத்தை, சின்னக் குரலில்.

பெரியப்பா தொடையில் அறைந்துகொண்டார். "கேட்டியாடா தம்பி? ஐஸ்ல கூத்தாடியாம்! போர்த்திக்கக் கம்பளி குடுத்தியா அதுக்கு? எந்த ஐஸ்ல?"

அத்தை வாயைத் திறக்கவில்லை. ஒரு சொல் சொன்னால் போதும், அவள் தப்பிவிடலாம். அந்தச் சொல் அண்ணனின் வேலையைத் தின்றுவிடும் என்று அவள் நம்பினாள். பெரியப்பா எழுந்தார். "மேல்மலையனூருக்கு நாளைக்கே ஆள் அனுப்பறேன். டிரெய்னிங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தக் கார்டை எடுத்தா."

அத்தை உள்ளே போய்க் கார்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நைனாதான் வெச்சுது பெரீப்பா! மாட்டாஸ்பத்திரி பொட்டியில! பாட்டில்ல! நான்தான் கேரியர்ல கொண்டாருவேன்!"

எல்லாரும் நைனாவைப் பார்த்தார்கள். நைனா எண்ணெய்க் கையைத் துடைத்தார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார். யாரையும் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே எல்லாரும் நினைத்தோம். "பொண்ணையும் பொய் சொல்லப் பழக்கிட்டியே" என்று பெரியப்பா அத்தையிடம் சொன்னார். கால் மணி நேரம் போயிற்று.

நைனா திரும்பி வந்தார். கையில் ஈரச் சாக்குத் துண்டு. அதைப் பிரித்துப் பாட்டிலைப் பெரியப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். பெரியப்பா சூடு பட்டவர் போலக் கையை உதறப் பார்த்தார். பிளாஸ்திரியில் "கூத்தாடி" என்று எழுதியிருந்ததை உதடசைத்துப் படித்தார்.

கிண்ணத்தில் ஐஸ் கரைந்தது. புழுக்கள் ஒவ்வொன்றாக விடுபட்டு அடியில் படிந்தன. அம்மா கதவுக்குப் பின்னால் ஓங்கரித்தாள். பெரியப்பா தன் கையாலேயே நாலைந்தை எடுத்து மீன் பாட்டிலில் போட்டார். நாலைந்து நாள் பட்டினி கிடந்தவன் கிட்டே வந்தான், முகர்ந்தான், திரும்பிக்கொண்டான்.

"இதைத் தின்னுதுன்னா சொல்ற? மூஞ்சைத் திருப்பிக்குது பாரு."

"ஆட்டிக் காட்டுங்க அத்தை" என்றேன்.

அத்தை அசையவில்லை. "நான் சொல்லி நம்பல. மீனு சொல்லி நம்பறதா இருந்தா அதுங்கிட்டயே கேட்டுக்கட்டும்."

ஓடிப்போய் ஈர்க்கை உருவி வந்தேன். கை நடுங்கியதால் புழு இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை நடுக்கமே உதவியது. அவன் பாய்ந்து பிடித்தான்.

பெரியப்பா வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "சரி. புழுதான்" என்றார். நான் மூச்சு விட்டேன். அவர் முடிக்கவில்லை. "ஆனா, புழுவுக்கு ஒரு சீட்டு எழுதனவ நாளைக்கு வேற எதுக்கும் எழுதுவா. போவட்டும், வேணான்னு சொல்லல. அவ எழுதற கடுதாசி, அவளுக்கு வர்ற கடுதாசி, எல்லாம் என் கையால பிரிச்சப்புறம்தான்."

"நான் பாத்துக்கறேன் அண்ணா" என்றார் நைனா.

"நீ பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே."

அத்தை கார்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "சரி பெரிண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். இரண்டு மாடுகளைப் பார்த்தார், இளநீர் குடித்தார், போய்விட்டார். ஃபிரிட்ஜைத் திறக்கவேயில்லை. அன்று நைனா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவர் ஏன் அந்தக் கால் மணி நேரத்துக்கு முன்பே பேசவில்லை என்று வெகுகாலம் அவர்மேல் கோபமாக இருந்தேன். அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. வேலை போனால் என்ன செய்வது என்று தெரியாத வயது அது. இப்போது கோபம் அம்மாமேலும் இல்லை. வந்த இடத்துச் சொல் ஒன்று தெரியாமல் போனது யார் குற்றம்? ஆனால் அவள் அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை எனக்குத் தலை பின்னும்போது, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "புழு நெசந்தான். புழு மட்டுந்தானான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

ஆனி பிறந்ததும் அத்தை கிளம்பினாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு. நைனா பஸ்ஸின் மேலே ஏறிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மழை வந்துடும். இனிமே உசுரோட இருக்கறதே கெடைக்கும். ஐஸு வேணாம்" என்றாள். ஏதேதோ சொல்லிக்கொண்டே போனாள். நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் அவளோடு குந்தியிருந்தவள் நான். டம்ளரைப் பிடித்திருந்தவள் நான். அங்கே எங்களைத் தவிர ஓர் ஆள் கிடையாது. எல்லாம் தெரிந்தும் கேட்டேன்.

"அத்தை, சத்திரத்துக்கு நெசமாவே கூத்தாடி புடிக்கத்தான் போனோமா?"

அவள் என் முகத்தில் எதையோ தேடுவது போலப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள், வலிக்காமல், ஒவ்வொரு விரலாக.

"தண்ணியை மட்டும் மாத்திடு" என்றாள்.

பஸ் கிளம்பும்வரை எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.